ஏரிக்கரை வன்மரக் காட்டில் கூடாரமிட்டுத் தங்குவது எப்படி

வண்டியிலிருந்து கூடாரத்தை இறக்குவதற்கு முன் தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். ஏரிக்கரை முகாமுக்கு முதல் முறையாக வருபவர்கள் தண்ணீரைத்தான் முதலில் பார்ப்பார்கள், அது இயல்பு. ஆனால் அன்றிரவுத் தூக்கத்தைத் தீர்மானிப்பவை தலைக்கு மேலே நீளும் கொப்புகளும் காலுக்குக் கீழே இருக்கும் தரையும்தான். வந்து சேர்ந்த முதல் அரை மணி நேரத்தை இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வதற்கென்றே ஒதுக்கிவிட்டால், பிறகு வரும் தொல்லைகளில் பாதி வராமலே போய்விடும் என்பதை ஒவ்வொரு முகாமிலும் கண்டிருக்கிறேன்.

இங்கே நான் சொல்வது வட அமெரிக்காவின் கிழக்குப் பாதியில், அப்பலாச்சியன் மலைத்தொடரிலிருந்து பேரேரிகள் வரை பரந்து கிடக்கும் காடுகளைப் பற்றியது. ஓக், மேப்பிள், பீச், ஹிக்கரி, பர்ச், ஆஷ் என அகன்ற இலை கொண்ட, குளிர்காலத்துக்கு முன் இலையை உதிர்த்துவிடும் மரங்கள் நிறைந்த காடுகள் இவை. வன்மரம் என்ற பெயரைக் கேட்டால் கட்டையின் கடினத்தைக் குறிப்பதாகத் தோன்றும். உண்மையில் அது பூத்துக் காய்க்கும் அகன்ற இலை மரங்களுக்கான பொதுப்பெயர். நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழும் பால்சாவும் அந்தக் கணக்கில் வன்மரமே.

எப்போது போவது என்பதைக் காடே ஓரளவு சொல்லிவிடும். மே, ஜூன் மாதங்களில் தளிர் புதிதாக விரிந்திருக்கும்; ஆனால் வடபகுதிகளில் கடிக்கும் கரும் ஈக்களும், எல்லா இடங்களிலும் இளம் உண்ணிகளும் மும்முரமாக இருக்கும் காலம் அதுதான். ஜூலையும் ஆகஸ்டும் நீந்துவதற்கு ஏற்றவை, கூட்டமும் அப்போதுதான் அதிகம். என்னைக் கேட்டால் செப்டம்பரின் இரண்டாம் பாதியைத்தான் சொல்வேன். கோடை முழுவதும் வாங்கிய வெப்பத்தை ஏரி இன்னும் கொஞ்சம் வைத்திருக்கும், கொசு குறைந்திருக்கும், மேப்பிள் சிவக்கத் தொடங்கியிருக்கும். கோடை வார இறுதியில்தான் போக முடியும் என்றால் முன்பதிவை முன்கூட்டியே செய்ய வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் முகாம் திடல்கள் பலவற்றில் 6 மாதங்களுக்கு முன்பே பதிவு தொடங்குகிறது. நல்ல ஏரிக்கரை இடங்கள் அன்றைக்கே தீர்ந்துவிடுவதும் உண்டு. வரைபடத்தில் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தண்ணீருக்கு மிக அருகிலுள்ளதை விட்டு, கரையிலிருந்து ஓரிரு ஆள் உயரம் மேட்டில் அமைந்ததை எடுத்துக்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறேன். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

மேலே பார்ப்பதும் கீழே பார்ப்பதும்

மேலே பார்க்க வேண்டியது பட்டுப்போன கொப்புகளை. பட்டை உரிந்து வெளுத்த கிளை, முறிந்து வேறொரு கிளையில் தொங்கிக்கொண்டிருக்கும் கிளை, சுற்றிலும் பச்சை இருக்க ஒரு பக்கம் மட்டும் இலையில்லாத உச்சி ஆகியவை எந்தக் காற்றிலும், சில வேளைகளில் காற்றே இல்லாமலும் விழக்கூடியவை. நன்கு வளர்ந்த ஓக் மரத்தின் ஒரு கிளையே ஒரு சிறு மரத்தின் எடை இருக்கும். கூடாரத் துணி அதற்குத் தடையே அல்ல. ஆகவே அடிமரத்தைச் சுற்றியுள்ள வட்டம் முழுவதையும், கிளைகள் எதுவரை நீண்டிருக்கின்றனவோ அதுவரை, கணக்கில் கொள்ளுங்கள்.

ஆஷ் மரங்களுக்குத் தனிக் கவனம் தேவை. ஆசியாவிலிருந்து வந்த மரகத ஆஷ் துளைப்பான் என்ற பச்சை வண்டு 2002ஆம் ஆண்டு மிச்சிகனில் டெட்ராய்ட் அருகே கண்டறியப்பட்டது. அதன் புழுக்கள் பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து தின்று, மரத்தின் நீரோட்டத்தையே அறுத்துவிடுகின்றன. அன்றிலிருந்து கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் செத்துவிட்டன. செத்த ஆஷ் மிக விரைவில் உளுத்து, எளிதில் முறிந்துவிடும். அடையாளம் கண்டுகொள்வது கடினமல்ல: அடிமரத்தில் ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவில், சுமார் 3 மில்லிமீட்டர் அகலத்தில் துளைகள் இருக்கும், புழுவைத் தேடி மரங்கொத்திகள் மேல்பட்டையைச் செதுக்கியிருப்பதால் மரம் திட்டுத் திட்டாக வெளிறியிருக்கும். அப்படி ஒரு மரத்தின் கீழ் உங்கள் இடம் அமைந்திருந்தால், தயங்காமல் அலுவலகத்தில் சொல்லி வேறு இடம் கேளுங்கள். அவர்களுக்கும் அந்தத் தகவல் தேவை.

கீழே பார்ப்பதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும். வன்மரக் காட்டின் தரையில் ஆண்டுக்கணக்கில் விழுந்த சருகு மெத்தைபோல் கிடக்கிறது. சென்ற மழையில் தண்ணீர் எங்கே ஓடியது, எங்கே நின்றது என்பதை அந்தச் சருகே காட்டிக் கொடுத்துவிடும். ஓடிய இடத்தில் இலைகளெல்லாம் ஒரே திசையில் சீப்பால் வாரியதுபோல் படிந்திருக்கும். ஆங்காங்கே சிறு குச்சிகள் குறுக்கே சிக்கி, அவற்றின் பின்னால் சருகு குவிந்திருக்கும். நின்ற இடத்தில் இலைகள் கறுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, தாள் அடுக்குபோலத் தட்டையாகக் கிடக்கும். கையால் ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். மேலே உலர்ந்திருந்தாலும் கீழே ஈரமும் சேற்று வாடையும் இருந்தால் அங்கே கூடாரம் வேண்டாம். இலைகள் தளர்வாக, சுருண்டு, காலை வைத்தால் மொறுமொறுக்கும் இடமே உங்களுக்கானது. அங்கும் சருகைக் கூட்டித் தள்ளிவிடாதீர்கள். மழைத்துளி மண்ணில் அறைந்து சேறு தெறிக்காமல் காப்பது அந்த மெத்தைதான். குச்சிகளையும் ஓக் கொட்டைகளையும் மட்டும் கையால் பொறுக்கினால் போதும். இலையுதிர் காலத்தில் ஓக் மரத்தின் நேர் கீழே படுத்தால் இரவெல்லாம் கொட்டைகள் கூடாரத்தின் மேல் பொட்டுப் பொட்டென்று விழுந்து எழுப்பும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி, கரையை விட்டு மேட்டுக்குப் போகச் சொன்னதன் காரணம். தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று கனத்து, சரிவில் இறங்கி, தாழ்ந்த இடமாகிய ஏரிக்கரையில் தேங்குகிறது. அங்கே ஈரப்பதமும் அதிகம். விடியும்போது கரையோரக் கூடாரத்தின் உள்பக்கம் நீர் முத்து முத்தாகக் கோத்து நிற்கும். சற்று மேட்டிலிருக்கும் கூடாரமோ பெரும்பாலும் காய்ந்தே இருக்கும். மேட்டில் இலேசான காற்றோட்டமும் கிடைப்பதால் கொசுவும் குறையும்.

கூடாரத்தின் கீழே விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தின் அடித்தளத்தைவிடச் சற்றுச் சிறியதாக இருக்க வேண்டும். ஒரு முறை பெரிய தார்ப்பாயை அப்படியே விரித்து, நான்கு பக்கமும் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருக்க விட்டுவிட்டேன். நள்ளிரவு மழையில் கூரையிலிருந்து வழிந்த நீரையெல்லாம் அந்த விளிம்பு ஏந்தி, எங்கள் முதுகுக்குக் கீழே கொண்டுவந்து சேர்த்தது. மிகுதியை உள்பக்கமாக, கூடாரத்தின் அடியில் மடித்து விடுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. மேல்விரிப்பை இழுத்துக் கட்டும் கயிறுகளை வானம் தெளிவாக இருந்தாலும் கட்டிவிடுங்கள். காற்றுத் துளைகளைக் குளிருக்குப் பயந்து அடைக்காதீர்கள், ஏனெனில் உங்கள் மூச்சின் ஈரம் வெளியேற அவைதான் வழி. குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்து ஏறுவதே அதிகம்; போர்வையைக் கூட்டுவதற்கு முன் கீழ்மெத்தையைக் கவனியுங்கள். இலையுதிர் கால இரவுகளுக்கு அதன் வெப்பத்தடை அளவான ஆர் மதிப்பு 4 அல்லது அதற்கு மேல் இருப்பது நல்லது.

ஊஞ்சல் படுக்கை கட்டுபவர்கள் மெல்லிய கயிற்றைத் தவிர்த்து, இரண்டு விரல் அகலமுள்ள பட்டையைப் பயன்படுத்துங்கள். பீச் மரத்தின் தோல் மெல்லியது. அதில் விழுந்த வெட்டு மரம் உள்ளவரை தழும்பாக நிற்கும்.

விறகு

விறகை வீட்டிலிருந்து கொண்டுவராதீர்கள். பலர் இதை அதிகாரிகளின் கெடுபிடி என்று எண்ணுகிறார்கள், ஆனால் மேலே சொன்ன பச்சை வண்டு இத்தனை மாநிலங்களுக்குப் பரவியதில் பெரும் பங்கு நம்மைப் போன்றவர்கள் வண்டியில் ஏற்றிச் சென்ற விறகுக் கட்டைகளுக்கு உண்டு. வண்டு தானாகப் பறந்து போகும் தூரம் சொற்பம். பட்டைக்கு அடியில் புழுவாக இருந்தபடி அது நெடுஞ்சாலையில் ஒரே நாளில் பல நூறு கிலோமீட்டர் போய்விடும். நியூயார்க் மாநிலத்தில், சூட்டில் பதப்படுத்தாத விறகை அது வெட்டப்பட்ட இடத்திலிருந்து 50 மைலுக்கு, அதாவது சுமார் 80 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோவது சட்டப்படி குற்றம். எரிக்கும் இடத்துக்கு அருகிலேயே வாங்குங்கள், அல்லது சூட்டில் பதப்படுத்தியதாக முத்திரையிட்ட கட்டை வாங்குங்கள். மிஞ்சியதைத் திரும்ப எடுத்துச் செல்லாமல் அங்கேயே விட்டுவிடுங்கள்.

வாங்கும்போது கட்டையின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். நன்றாகக் காய்ந்த கட்டையில் நடுவிலிருந்து விளிம்புக்குக் கதிர்போல வெடிப்புகள் ஓடியிருக்கும், பட்டை தளர்ந்திருக்கும், தூக்கினால் பார்வைக்குத் தோன்றுவதைவிட இலேசாக இருக்கும். இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று மோதிப் பாருங்கள்: காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரக்கட்டை ‘தொப்’ என்று மந்தமாக ஒலிக்கும். ஓக் விறகு உலர இரண்டு ஆண்டுகள்கூட ஆகும் என்பதால், பச்சை ஓக்கை அறியாமல் வாங்கிவிட்டால் மாலை முழுவதும் புகையோடு போராட வேண்டியதுதான். ஆஷ் விரைவில் காய்ந்து, புகையில்லாமல் எரியும். ஹிக்கரியும் சர்க்கரை மேப்பிளும் நெடுநேரம் நிற்கும் தணலைத் தரும். சமைப்பதற்கு எனக்குப் பிடித்தவை அவைதான்.

வன்மரக் கட்டைகளை மூட்டுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. பைன் போன்ற பிசின் நிறைந்த ஊசியிலை மரங்களைப் போல் இவை சட்டென்று பற்றாது. தீக்குச்சியிலிருந்து நேராகக் கட்டைக்குப் போக முடியாது. இடையில் படிகள் வேண்டும். உலர்ந்த சருகும் கீழே விழுந்து கிடக்கும் பர்ச் பட்டையும் முதல் படி. பர்ச் பட்டையில் எண்ணெய்ப் பசை இருப்பதால் நனைந்திருந்தாலும் எரியும், ஆனால் நிற்கும் மரத்திலிருந்து ஒருபோதும் உரிக்காதீர்கள். அடுத்து ஈர்க்கு கனத்துச் சுள்ளி, பிறகு விரல் கனம், பிறகு மணிக்கட்டு கனம். அந்த மணிக்கட்டு கனக் குச்சிகள் எரிந்து, ஒரு கை அகலத்துக்குத் தணல் விழுந்த பிறகுதான் பிளந்த கட்டையை வைக்க வேண்டும். பட்டைப் பக்கம் மேலேயும் பிளந்த பக்கம் தணலைப் பார்த்தும் இருக்கட்டும். பெரும்பாலானவர்களின் தீ அணைந்துபோவது இந்தத் தணலுக்குக் காத்திராததால்தான். சுள்ளி பொறுக்க எல்லா முகாம்களிலும் அனுமதி இல்லை, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

தீயை அதற்கென்று அமைத்த இரும்பு வளையத்துக்குள்ளேயே மூட்டுங்கள். இங்கே மட்டும் சுற்றிலும் 3 மீட்டர் தூரத்துக்குச் சருகை ஒதுக்கிவிட வேண்டும். அணைக்கும்போது தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைச் சாம்பலுக்கு அருகில் கொண்டுபோய்ச் சூடு இல்லையென்று உறுதியான பிறகே நகருங்கள். ஏரி பக்கத்திலேயே இருப்பதால் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. இரண்டு வாளி ஊற்றுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். அடுப்பையோ கரித்தணலையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. தூங்குபவரை அது எழுப்பாமலே கொன்றுவிடும்.

உண்ணியும் நச்சுக்கொடியும்

இந்தக் காடுகளில் கரடியைவிட உண்ணிக்குத்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். கறுங்கால் உண்ணி பரப்பும் லைம் நோய்க்கு அந்தப் பெயர் வந்தது கனெடிகட் மாநிலத்தின் லைம் என்ற ஊரிலிருந்து. 1970களின் நடுவில் அங்கே பல குழந்தைகளுக்கு மூட்டு வீக்கம் கண்டதை ஆராயப் போய்த்தான் இந்த நோய் வெளிச்சத்துக்கு வந்தது. வளர்ந்த உண்ணி கண்ணில் பட்டுவிடும். ஆபத்து அதிகம் இளம் உண்ணியிடம்தான். அது கசகசா விதை அளவே இருக்கும், பெரும்பாலும் உடலில் மச்சம் என்று நினைத்து விட்டுவிடுவோம்.

அது பறப்பதில்லை, தாவுவதில்லை, மரத்திலிருந்து குதிப்பதும் இல்லை. சருகிலும் புல் நுனியிலும் முன்கால்களை நீட்டிக் காத்திருந்து, உரசிச் செல்பவர்மேல் தொற்றி, மேல்நோக்கி ஏறும். எனவே நீண்ட காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், வெளிர் நிற உடை அணியுங்கள், பாதையின் நடுவில் நடங்கள். உடைக்கும் காலணிக்கும் பெர்மெத்ரின் தெளித்து முன்னதாகவே உலர்த்திக்கொள்ளலாம். அதைத் தோலில் பூசக் கூடாது. தோலுக்கு டீட் அல்லது பிகாரிடின் கலந்த மருந்து உண்டு.

ஒவ்வொரு மாலையும் வெளிச்சம் இருக்கும்போதே ஒருவரை ஒருவர் சோதித்துக்கொள்ளுங்கள்: அக்குள், தொடையிடுக்கு, முழங்காலின் பின்புறம், தொப்புள், காதின் பின்புறம், தலைமயிர், இடுப்புப் பட்டை அழுத்தும் இடம். கடித்துக்கொண்டிருந்தால் பதற வேண்டாம். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டி, உண்ணியின் வாய்ப்பகுதியைப் பிடித்து, திருகாமல், அசைக்காமல், சீராக நேர் மேலே இழுங்கள். தோல் கூடாரம்போல் சற்று எழும்பும். அப்படியே சில நொடிகள் பிடித்திருந்தால் அது விட்டுவிடும். எண்ணெய் விடுவது, தீக்குச்சியால் சுடுவது போன்ற கைவைத்தியங்கள் வேண்டாம். லைம் கிருமி உடலுக்குள் இறங்கப் பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் உண்ணி ஒட்டியிருக்க வேண்டும் என்பதால்தான் அன்றாடச் சோதனைக்கு இவ்வளவு மதிப்பு. 3 முதல் 30 நாட்களுக்குள் விரிந்துகொண்டே போகும் சிவந்த தடிப்போ காய்ச்சலோ வந்தால் மருத்துவரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள்.

நச்சுக்கொடி எனப்படும் பாய்சன் ஐவி ஒரு காம்பில் மூன்று இலைகளோடு, நடு இலையின் காம்பு மட்டும் நீண்டு காணப்படும். மரத்தில் ஏறிய முதிர்ந்த கொடி, பழுப்பு நிற மயிர் அடர்ந்த கயிறுபோல அடிமரத்தில் ஒட்டியிருக்கும். இலையே இல்லாத காலத்திலும் அதைத் தொட்டால் தோல் தடித்துக் கொப்புளிக்கும். பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கொடி ஒட்டிய விறகை எரித்தால் அதன் நச்சு புகையோடு நுரையீரலுக்குள் போகும். இது மிகவும் ஆபத்தானது.

ஏரியோடு பழகுவது

மே மாதத்தில் காற்று வெதுவெதுப்பாக இருந்தாலும், பனி உருகி அதிக நாளாகாத ஏரி கடுங்குளிராக இருக்கும். அதில் திடீரென விழுபவருக்கு மூச்சு இழுத்துக்கொள்ளும்; நீச்சல் தெரிந்தவரும் முதல் நிமிடத்திலேயே தத்தளிப்பார். படகில் ஏறும் எல்லோருக்கும் உயிர்காப்பு உடை, அதுவும் மாட்டிய நிலையில் இருக்க வேண்டும். கோடையின் பிற்பகுதியில் தண்ணீரின் மேல் பச்சைச் சாயம் கொட்டியதுபோல் படலம் தெரிந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கக்கூடும். அதில் குளிக்காதீர்கள், நாயையும் இறக்காதீர்கள்; அதன் நச்சு கொதிக்க வைத்தாலும் போகாது. தெளிந்த ஏரி நீரையும் குடிப்பதற்கு முன் ஒரு நிமிடம் தளதளவெனக் கொதிக்க விட வேண்டும். நீந்திக் கரையேறியதும் துண்டால் துவட்டிவிடுங்கள். நத்தையிலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி தோலில் நுழைந்து அரிப்பை உண்டாக்குவதை அது பெருமளவு தடுக்கும்.

பாத்திரத்தை ஏரியில் கழுவாதீர்கள். மக்கும் சோப்பு என்று எழுதியிருந்தாலும் அது தண்ணீரில் கலப்பதற்கானதல்ல. முகாமில் கழுவுநீர்த் தொட்டி இருந்தால் அங்கே கொட்டுங்கள். இல்லையென்றால் கரையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, வடிகட்டிய நீரை மண்ணில் பரவலாக வீசிவிடுங்கள். மீன் பிடிப்பவர்கள் ஈயக் குண்டுகளைத் தவிர்க்க வேண்டும். லூன் என்ற நீர்ப்பறவை இரைப்பையில் உணவை அரைப்பதற்காகக் கூழாங்கல்லை விழுங்கும்போது அறுந்து கிடக்கும் ஈயத்தையும் விழுங்கிவிடுகிறது. ஒரே ஒரு குண்டு அதைக் கொல்லப் போதும். அந்தப் பறவையின் நெடிய ஓலத்தை நள்ளிரவில், ஏரியின் மறுகரையிலிருந்து, ஒரு முறை கேட்டவர்கள் ஈயத்தைத் தூண்டிலில் கட்ட மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

அந்தக் குரல் அவ்வளவு தூரம் வருவதற்கும் காரணம் உண்டு. நீர்ப்பரப்பை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலுள்ளது வெதுவெதுப்பாகவும் இருக்கும்போது, ஒலி மேலே சிதறாமல் கீழ்நோக்கி வளைந்து கரை சேர்கிறது. உங்கள் பேச்சும் அப்படியே மறுகரைக்குப் போகும். பல முகாம்களில் இரவு 10 மணிக்கு மேல் அமைதி காக்க வேண்டும் என்று விதித்திருப்பது இதனால் இன்னும் பொருள் பெறுகிறது.

உணவு, குப்பை, பற்பசை, சோப்பு என வாசமுள்ள எதையும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். முகாமில் தரும் இரும்புப் பெட்டியிலோ கண்ணாடி ஏற்றிப் பூட்டிய வண்டியிலோ வையுங்கள். கருங்கரடி வராவிட்டாலும் ரக்கூன் நிச்சயம் வரும், அதன் கைகள் குளிர்பெட்டியின் தாழ்ப்பாளைத் திறக்கும் அளவுக்குத் திறமையானவை. இடி கேட்டால் தண்ணீரை விட்டு உடனே வெளியேறி, கூடாரத்துக்கோ மரத்தடிக்கோ போகாமல், கூரையுள்ள வண்டிக்குள் அல்லது கட்டடத்துக்குள் போய், கடைசி இடிக்குப் பின் 30 நிமிடங்கள் காத்திருங்கள். மழை விட்ட பிறகும் மரங்கள் அரை மணி நேரத்துக்கு மேல் சொட்டிக்கொண்டே இருக்கும் என்பதால், மேசைக்கு மேல் கட்டிய தார்ப்பாயை அவசரப்பட்டு அவிழ்க்க வேண்டாம். அதன் ஒரு மூலையை மட்டும் தாழ்த்திக் கட்டியிருந்தால் நீர் ஒரே பக்கமாக வழிந்துவிடும்.

கிளம்பும் நாளில் படகு, துடுப்பு, தூண்டில் பெட்டி, ரப்பர் காலணி எல்லாவற்றிலும் ஒட்டிய பாசியையும் சேற்றையும் நீக்கி, உள்ளே தேங்கிய நீரைக் கரையிலேயே வடித்து, அடுத்த ஏரிக்குக் கொண்டுபோவதற்கு முன் நன்றாகக் காயவிடுங்கள். 1988ஆம் ஆண்டு செயின்ட் கிளேர் ஏரியில் கண்டறியப்பட்ட, வெளிநாட்டிலிருந்து வந்து தொல்லையாகிவிட்ட சிறு சிப்பிகளான வரிச்சிப்பிகள் பேரேரிகளிலிருந்து நூற்றுக்கணக்கான சிற்றேரிகளுக்குப் போனதற்கு இப்படிச் சுமந்து சென்ற படகுகளும் ஒரு காரணம். அவற்றின் இளம்பருவம் கண்ணுக்கே தெரியாது. முகாமில் அணிந்த துணிகளை வீட்டுக்கு வந்ததும், துவைப்பதற்கு முன்பாகவே, உலர்த்தியில் அதிகச் சூட்டில் 10 நிமிடங்கள் ஓட விடுங்கள். துவைத்தால் சாகாத உண்ணியும் அந்த வறண்ட சூட்டில் செத்துவிடும். கூடாரத்தை அன்றே விரித்து, மடிப்புகளில் சிக்கிய சருகை உதறி, தையல் ஓரங்கள் விரலுக்கு முழுவதும் உலர்ந்ததாகத் தெரியும்வரை தொங்கவிட்ட பிறகு பையில் போடுங்கள்.